மருந்து கொடுக்கும் முன் கண் ஏமாறும் இடங்கள்: வார்டில் மருந்துப் பிழைகளைத் தவிர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். இரவு டியூட்டி, மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஆன்டிபயாட்டிக் தூளைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். அது எப்போதும் இருக்கும் டப்பாவில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஆம்பியூலை எடுத்தேன், கழுத்தைத் திருகினேன், 10 மி.லி. இழுத்தேன். காலி ஆம்பியூலைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை படித்துவிட்டுப் போடு என்று பயிற்சிக் காலத்தில் ஒரு டியூட்டர் அதட்டிப் பழக்கியிருந்தார். படித்தேன். பொட்டாசியம் குளோரைடு.

15 சதவீதக் கரைசல், 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட். அதை அப்படியே நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், தள்ளினால் இதயம் நின்றுபோகும். என் கையில் சிரிஞ்ச் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. எனக்குப் பொட்டாசியத்தின் ஆபத்து தெரியாமல் இல்லை. தேர்வில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள்தான். ஆனால் அந்த டப்பாவில் தண்ணீர்தான் இருக்கும் என்று கண் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால் லேபிளைப் படிக்கவே இல்லை.

பெரும்பாலான மருந்துப் பிழைகள் இப்படித்தான் நடக்கின்றன. தெரியாததால் நடப்பவை குறைவு. தெரிந்த வேலையைப் பார்க்காமல் செய்வதால் நடப்பவைதான் அதிகம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் நம் எல்லோருக்கும் மனப்பாடம். பின்னால் சரியான பதிவு, சரியான காரணம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆனால் போய்ச் சேர வேண்டிய ஊரைத்தான் அது சொல்கிறது; வழியைச் சொல்வதில்லை. ஆர்டர் எழுதப்படும் கணத்திலிருந்து மருந்து உடம்புக்குள் போய் வேலை செய்யும் வரை, எந்தெந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆர்டரைச் சந்தேகத்தோடு படியுங்கள்

மருந்தின் பெயர், அளவு, வழி, எத்தனை மணிக்கு ஒருமுறை, தேதி, நேரம், கையெழுத்து. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அது ஆர்டர் ஆகாது. "வழக்கமா இவர் ஐவியாத்தானே (நரம்பு வழியாக) போடச் சொல்வார்" என்று நாமே நிரப்பிக்கொள்வது கூடாது.

எண்கள்தான் மிக மோசமான பொறி. 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும், பத்து மடங்கு. .5 என்று எழுதினால் புள்ளி கோட்டில் மறைந்து 5 ஆகும். அதுவும் பத்து மடங்கு. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் வரக்கூடாது. ஒன்றுக்குக் குறைவான அளவில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம் வர வேண்டும். யூனிட் என்பதை ஒற்றை எழுத்தில் சுருக்கினால் அந்த ஆங்கில 'யு' பூஜ்யமாகத் தெரியும். 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். அதேபோல மைக்ரோகிராமைச் சுருக்கினால் மில்லிகிராமாகப் படிக்க இடமுண்டு. அது ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டையும் முழுச் சொல்லாகவே எழுதக் கேளுங்கள். நீங்கள் நகல் எடுத்து எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டிய மருந்து தினசரி அட்டவணையில் ஏறிவிடுவது இன்னொரு ஆபத்து. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் கொடுத்ததால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். இந்தப் பெயரைச் சார்ட்டில் பார்த்தால், எந்தக் கிழமை, எதற்காக என்ற இரண்டையும் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

வாய்வழி ஆர்டர் அவசரத்துக்கு மட்டும். கேட்டதும் எழுதுங்கள், எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள், "ஆமாம்" என்ற பதில் வந்த பிறகே எடுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி கேட்கும். "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

அலர்ஜிக் கட்டத்தை நிரப்புவது மட்டும் போதாது. என்ன மருந்து, சாப்பிட்டதும் என்ன ஆனது என்று கேளுங்கள். வயிறு கலங்கியதா, உடம்பு தடித்து மூச்சுத் திணறியதா? பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று பெரிதாக எழுதி வைத்துவிட்டு, பிப்பராசிலின்-டாசோபாக்டம் ஊசியைப் போடுவது நடக்கிறது. பென்சிலின் குடும்பம் வணிகப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் அதே குடும்பம்தான்.

ஆர்டரில் சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது என்பதுதான் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெரிய தயக்கம். "டாக்டர், இது தப்பா இருக்கு" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். உண்மையை மட்டும் வையுங்கள்: "டாக்டர், ஆறாம் படுக்கை நோயாளிக்கு டிகாக்சின் எழுதியிருக்கீங்க. நாடித்துடிப்பு இப்போ 48. கொடுக்கட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா?" (டிகாக்சின் நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து.) பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்சார்ஜிடமும் மருந்தாளுநரிடமும் சொல்லுங்கள். புரியாத மருந்தைக் கொடுக்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அது கடமையும்கூட.

இரண்டாம் படி: இடம் மாறும்போது பட்டியலை ஒப்பிடுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தீங்குகளைக் குறைக்க ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. அதில் முன்னுரிமை கொடுத்த மூன்று இடங்கள்: ஆபத்து அதிகமான சூழல்கள், ஒரே ஆள் பல மருந்துகள் சாப்பிடுவது, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறுவது. மூன்றாவதில் நம் பங்கு பெரிது. வீட்டில் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலைச் சேர்க்கையின்போதே வாங்குங்கள். முடிந்தால் மாத்திரைப் பட்டைகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். ஐசியூவிலிருந்து வார்டுக்கு வரும்போது எது நின்றது, எது தொடர்கிறது, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டு எழுதுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இரண்டு பெயரில் இரண்டு தடவை ஓடுவது இந்த இடைவெளியில்தான்.

மூன்றாம் படி: எடுக்கும்போது, தயாரிக்கும்போது, வைக்கும்போது

லேபிளை மூன்று முறை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளவெடுக்கும் முன், வயலை (மருந்துக் குப்பியை) திரும்ப வைக்கும் முன் அல்லது ஆம்பியூலைப் போடும் முன். மூன்றாவது தேவையில்லாத சடங்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த மூன்றாவதுதான். இன்னொன்று: மனதுக்குள் படிக்காதீர்கள். உதடு அசையப் படியுங்கள். தெரிந்த சொல்லைக் கண் தாவிப் போய்விடும். வாய் அப்படித் தாவாது.

டோப்பமின், டோபுட்டமின். ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின். எஃபெட்ரின், எபிநெஃப்ரின். செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம், செஃப்ட்ரியாக்சோன். இவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் அலமாரி, பிழைக்கு நாம் போட்டுக் கொடுக்கும் பாய். அகர வரிசையில் அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒத்த பெயர்களை அதுதான் சேர்த்துவைக்கிறது. பிரித்து வையுங்கள், வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எந்திரம் இருந்தால் பிழை வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2017-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்கேனுக்குப் போன 75 வயது நோயாளியின் பதற்றத்தைக் குறைக்க மிடாசோலம் கொடுக்கச் சொல்லப்பட்டது. செவிலியர் அதன் வணிகப் பெயரான வெர்செடின் முதல் இரண்டு எழுத்துகளை மருந்துப் பெட்டக எந்திரத்தில் தட்டினார். எந்திரமோ பொதுப்பெயரில் தேடிக்கொண்டிருந்தது. வராததால் கட்டுப்பாட்டைத் தாண்டும் வசதியைப் பயன்படுத்தி, அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியத்தை எடுத்துவிட்டார். அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. மிடாசோலம் திரவமாக வரும்; இதுவோ தூள், கரைக்க வேண்டியிருந்தது. மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. நோயாளி இறந்தார். 2022-இல் அந்தச் செவிலியர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

இதைப் படித்ததும் "நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு அந்தப் பொட்டாசியம் ஆம்பியூல் நினைவுக்கு வந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வழக்கத்துக்கு மாறாக ஏதாவது ஒன்று, தூளாக இருப்பதோ நிறம் வேறாக இருப்பதோ, கண்ணில் பட்டால் அங்கேயே கையை நிறுத்துங்கள்.

நான்காம் படி: கணக்கு

தேவையான அளவை, கையிலிருக்கும் மருந்தின் வலிமையால் வகுத்து, அந்த வலிமை எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். சறுக்குவது வேறு இடத்தில்.

12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. மொத்தம் 180 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. அதே மருந்து 5 மி.லி.யில் 250 மி.கி. என்றும் வருகிறது, அப்போது 3.6 மி.லி. நேற்று 7.5 கொடுத்தோம் என்று இன்றும் 7.5 கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதனால் ஆர்டர் மி.லி.யில் இருக்கக்கூடாது, மி.கி.யில் இருக்க வேண்டும். எடையும் கிலோவில் மட்டும், இன்று எடுத்ததாக இருக்க வேண்டும். அம்மா சொன்ன எடை போதாது.

பம்பில் ஓடும் மருந்துக்கு ஒரு கணக்கு. 60 கிலோ நோயாளி, டோப்பமின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். மணிக்கு 18,000, அதாவது 18 மி.கி. 50 மி.லி. சிரிஞ்சில் 200 மி.கி. கலந்திருந்தால் ஒரு மி.லி.யில் 4 மி.கி. ஆக மணிக்கு 4.5 மி.லி. கணக்கு சரியாக வந்த பிறகும் பம்பில் புள்ளி அழுந்தாமல் 45 ஆகிவிடலாம். ஸ்டார்ட் அழுத்தும் முன் திரையைச் சத்தமாகப் படியுங்கள்.

விடை வந்ததும் ஒரு கேள்வி: இது நம்பும்படி இருக்கிறதா? ஒரு டோஸுக்கு மூன்று ஆம்பியூலுக்கு மேல் உடைக்க வேண்டி வந்தால், கணக்கையும் ஆர்டரையும் முதலிலிருந்து பாருங்கள். மருந்துக் கம்பெனிகள் பொதுவாக ஒரு டோஸுக்கு ஏற்ற அளவில்தான் அடைத்து அனுப்புகிறார்கள்.

ஐந்தாம் படி: ஆபத்து மிகுந்த மருந்துகளும் இரண்டாவது கண்ணும்

இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின், அடர் பொட்டாசியம், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள், தசை முடக்கிகள், புற்றுநோய் மருந்துகள். இவற்றில் சிறு பிழையும் பெரிய சேதம்.

இன்சுலினில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் வயலும் 100 யூனிட் வயலும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை, 100 யூனிட் வயலிலிருந்து இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். வயலும் சிரிஞ்சும் ஜோடி சேர்கிறதா என்று பார்க்காமல் இழுக்காதீர்கள். வேறு சிரிஞ்சில் கணக்குப் போட்டுச் சமாளிப்பது வேண்டவே வேண்டாம். சர்க்கரை அளவு பார்த்தாயிற்றா, சாப்பாடு வந்துவிட்டதா என்பதையும் ஊசிக்கு முன் பாருங்கள்.

ஹெப்பரின் 5 மி.லி. வயலில் 5,000 யூனிட்டும் இருக்கலாம், 25,000 யூனிட்டும் இருக்கலாம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இராது. அடர் பொட்டாசியத்தை எக்காரணம் கொண்டும் நேராகத் தள்ளக்கூடாது. நீர்த்துச் சொட்டாக மட்டும். கையில் போட்ட சாதாரண ஐவியில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டாமல் ஓட்டுவதுதான் பொது வழக்கம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நரம்பில் மட்டுமே. அது தவறி முதுகுத்தண்டு நீருக்குள் போய்விட்டால் நோயாளிகள் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் இழுக்காமல் சிறு பையில் நீர்த்துக் கொடுக்க வலியுறுத்துகிறார்கள். பையை யாரும் முதுகில் போட மாட்டார்கள்.

இந்த மருந்துகளுக்கு இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. நடப்பது இதுதான்:

"அக்கா, ஹெப்பரின் 0.4 மி.லி., சரிதானே?"

"ம், சரி." அக்கா கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இது சரிபார்ப்பே இல்லை. பிழையில் பங்குதாரர் சேர்த்துக்கொள்வதுதான். விடையை நீங்கள் சொல்லிவிட்டால் அக்காவின் மூளையும் அதையே படிக்கும். செய்ய வேண்டியது: ஆர்டரையும் வயலையும் அவரிடம் நீட்டி, "நீங்க போட்டுப் பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். 2,000 யூனிட், வயலில் மி.லி.க்கு 5,000 என்றால் அவருக்கும் 0.4 வரும். வயல் 1,000 யூனிட் வகை என்றால் 2 என்பார். அப்போதுதான் பொறி தட்டும். எல்லா மருந்துக்கும் இப்படிச் செய்ய நேரம் கிடையாது, செய்யவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் செய்தால் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

ஆறாம் படி: குறுக்கீட்டைத் தடுங்கள்

2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகளும் மருத்துவத் தவறுகளும் 12 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தன. அட்டெண்டர் கேட்கிறார், போன் அடிக்கிறது, உறவினர் "சிஸ்டர் ஒரு நிமிஷம்" என்கிறார். "மருந்து எடுக்கிறேன், ரெண்டு நிமிஷத்தில் வரேன்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். போயே ஆக வேண்டிய அவசரம் என்றால் போங்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்குங்கள்.

இழுத்த சிரிஞ்சை உடனே ஊசியேற்றாவிட்டால் லேபிள் ஒட்டாமல் கீழே வைக்காதீர்கள். ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் கொடுக்கக்கூடாது. இரண்டு நோயாளிகளின் மருந்தை ஒரே டிரேயில் எடுத்துப் போகாதீர்கள். வாய்வழி மருந்தை ஐவி சிரிஞ்சில் இழுப்பதை இன்றோடு விடுங்கள். வாய்வழிக்கென்று தனி சிரிஞ்ச் உண்டு, அது நரம்பில் செருகிய சிறு குழாயான கேனுலாவில் பொருந்தாது.

ஏழாம் படி: படுக்கையருகே

"நீங்க தானே மேரி?" என்று கேட்டால் காது மந்தமானவரும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னங்க? பிறந்த தேதி?" என்று கேட்டு, கைப்பட்டையோடும் சார்ட்டோடும் ஒப்பிடுங்கள். படுக்கை எண் அடையாளமாகாது. நோயாளியைப் படுக்கை மாற்றியிருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் சார்ட்டின் மேலேயே குறித்து வையுங்கள்.

என்ன மருந்து, எதற்கு என்று ஒரு வரி சொல்லுங்கள். நோயாளி "நேத்து வெள்ளையா இருந்துச்சே, இன்னிக்கு மஞ்சளா இருக்கே" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனி மாறியிருக்கலாம், நாம் தவறியும் இருக்கலாம். சார்ட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன் குழாயைக் கையால் தொட்டு, மருந்துப் பையிலிருந்து உடம்பில் நுழையும் இடம் வரை தடவிப் பாருங்கள். முதுகில் போட்ட எபிடூரல் குழாய்க்கான, உடம்பை மரத்துப்போகச் செய்யும் பூப்பிவாகெயின் நரம்பில் போனால் இதயம் நிற்கும். வேகமும் மருந்தின் ஒரு பகுதிதான்: வேன்கோமைசின் 1 கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள், பெனிடாயினை நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் தள்ளாதீர்கள், நார்மல் சலைனில் மட்டும் கலக்குங்கள். மூக்குக் குழாயில் கொடுக்க மாத்திரையை இடிக்கும் முன், அது மெதுவாகக் கரையும் வகையா என்று பார்மசியில் கேளுங்கள். இடித்தால் நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

பார்கோடு இருக்கும் இடங்களில் ஸ்கேன் செய்யாமல் கொடுக்காதீர்கள். 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பார்கோடு வந்த பிறகு நேரம் சாராத பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. மீதமுள்ள 6.8-க்கு இன்னும் நாம்தான் பொறுப்பு. கைப்பட்டையை நகலெடுத்து மேசையில் ஒட்டி வைத்து ஸ்கேன் செய்பவர்கள் இருக்கிறார்கள். அது பூட்டை வாங்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவது.

எட்டாம் படி: கொடுத்த பின் எழுதுங்கள், எழுதிய பின் பாருங்கள்

முன்கூட்டியே டிக் போடாதீர்கள். நோயாளி வாந்தி எடுக்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம். டிக் மட்டும் நிற்கும். கொடுத்ததும் எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் இன்னொரு டோஸ் போடும். கொடுக்காத டோஸுக்குக் காரணத்தை எழுதுங்கள். மார்ஃபின் கொடுத்தால் மூச்சு வேகத்தையும் மயக்கத்தையும் பாருங்கள், இன்சுலினுக்குப் பின் சர்க்கரையைப் பாருங்கள், புதிய ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முதல் சில நிமிடங்கள் பக்கத்திலேயே இருங்கள். ஷிஃப்ட் மாறி நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில், ஓடும் பம்புகளை இருவரும் சேர்ந்து படுக்கையருகே நின்று பாருங்கள். நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒப்புவிப்பது போதாது.

பிழை நடந்துவிட்டால்

முதலில் நோயாளி. ஓடுவதை நிறுத்துங்கள், கேனுலாவை மட்டும் எடுக்காதீர்கள். மாற்று மருந்து போட அந்த வழி வேண்டும். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன், தேவைப்பட்டால் சர்க்கரை. மருத்துவரிடம் என்ன மருந்து, எவ்வளவு, எப்போது போனது என்று நேராகச் சொல்லுங்கள். ஓபியாய்டுக்கு நலோக்சோன், ஹெப்பரினுக்கு ப்ரோட்டமின், இன்சுலினுக்கு டெக்ஸ்ட்ரோஸ், பொட்டாசியத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட் ஆகியவை அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்டில் எந்த இழுப்பறையில் என்பது கண்ணை மூடினாலும் தெரிந்திருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். யார் மேல் தவறு என்று எழுதும் இடம் அதுவல்ல. வயலையும் சிரிஞ்சையும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பிறகு சம்பவ அறிக்கை.

நோயாளியைத் தொடாமல் தப்பிய பிழைகளையும் அறிக்கையாகக் கொடுங்கள் என்று நான் சொன்னால் இளையவர்கள் சிரிக்கிறார்கள்: "நடக்காததுக்கு எதுக்கு மெமோ வாங்கணும்?" பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் பிழைகளை ஓட்டையுள்ள சீஸ் துண்டுகளின் அடுக்காக விளக்கினார். ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில் ஆபத்து நோயாளியைத் தொடுகிறது. தப்பிய பிழை என்பது ஓர் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இலவசமாகக் கிடைத்த தகவல். சொன்னவரைத் தண்டிக்கும் வார்டில் அந்தத் தகவல் வராது.

நானும் அன்று சொல்லவில்லை. சிரிஞ்சில் இருந்ததைக் கொட்டிவிட்டு வேறு ஆம்பியூல் எடுத்தேன். இரண்டு வாரம் தூக்கம் கெட்டுப் பிறகுதான் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் எழுந்து போய் அந்த டப்பாவை மேசையில் கவிழ்த்தார். தண்ணீர் ஆம்பியூல்களுக்கு நடுவில் இன்னும் நான்கு பொட்டாசியம் கிடந்தன. அன்று மாலை ஹேண்டோவரில் என் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னார். ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு மூத்த அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார், "போன மாசம் எனக்கும் கையில வந்துச்சு." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அடுத்த நாள் காலை அடர் பொட்டாசியம் முழுவதும் வார்டிலிருந்து பார்மசிக்குப் போய்விட்டது.